அநுர எடுத்தது 42ஆ, 55ஆ? கட்சி சாராத தேர்தல் விவரம் எங்கே கிடைக்கும்?

24 செப்டெம்பர் 2024, இரவு

இன்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது இது: "மிஸ், அநுர எடுத்தது 42 வீதமா, 55 வீதமா? ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் இன்னொரு மாதிரிப் போட்டிருக்கு. கட்சி சாராத வெப்சைட் ஒன்று சொல்லுங்கோ, இனி அதை மட்டும் பார்க்கிறேன்."

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நேரம் முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கிவிட்டார்கள். "தேர்தல் ஆணைக்குழுவின் தளத்தை மட்டும் பார், வேறு எதையும் நம்பாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அந்தப் பதில் உறுத்தத் தொடங்கியது. அந்த இரண்டு எண்ணுமே ஆணைக்குழு வெளியிட்டவைதான். அங்கே போனாலும் அந்தப் பிள்ளைக்கு அதே குழப்பம்தான்.

இந்த மாதம் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்குகள். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. வகுத்தால் 42.31 வீதம். ஐம்பதைத் தாண்டாததால், நாட்டின் வரலாற்றில் முதற்தடவையாக, மற்ற வேட்பாளர்களின் சீட்டுகளில் இந்த முதல் இருவருக்கும் இரண்டாம், மூன்றாம் தெரிவாகக் குறித்த விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அதில் அநுரவுக்கு 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867 கூடின. இறுதியில் 5,740,179 எதிர் 4,530,902. இந்த இருவரின் கூட்டுத்தொகையால் மட்டும் வகுத்தால் 55.89 வருகிறது. மற்ற 36 வேட்பாளர்களோடு நின்றுவிட்ட வாக்குகள் அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டும் சரி. எதால் வகுத்தது என்று பக்கத்தில் எழுதாமல் விட்டதுதான் பிழை.

25 செப்டெம்பர் 2024

நேற்றைய குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த இறுதி 5,740,179ஐச் செல்லுபடியான வாக்குகள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தேன். 43.1 வீதம். இதை எந்தத் தலைப்புச் செய்தியிலும் நான் காணவில்லை.

இன்னும் முக்கியமானது வேறு. முதல் இருவருக்கும் வெளியே விழுந்த வாக்குகள் 3,321,666. அவற்றிலிருந்து இரண்டாம், மூன்றாம் விருப்பாக இந்த இருவருக்கும் வந்து சேர்ந்தவை 273,131 மட்டும். நூற்றுக்கு எட்டு என்று வையுங்கள். மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குச் சீட்டுகளில் இந்த இருவரில் ஒருவருக்கும் குறி இல்லை. 1, 2, 3 என்று இலக்கமிடும் உரிமை 1978 அரசியலமைப்பிலிருந்தே இருக்கிறது. வகுப்பில் 18 வயது நிரம்பிய பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே அதை நான் செயல்முறையாகக் காட்டவில்லை. அடுத்த முறை வெள்ளைத் தாளில் மாதிரிச் சீட்டு ஒன்று கீறி, கையில் பேனை கொடுத்துப் பழக்கப் போகிறேன்.

29 செப்டெம்பர் 2024

ஞாயிற்றுக்கிழமை. அப்பாவிடம் இந்த 42, 55 கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அலுமாரிக்கு மேலிருந்து சீஆர் கொப்பியை இறக்கினார்.

இந்தக் கொப்பியைப் பற்றி எழுதத்தான் வேண்டும். 1977 ஜூலை 21 பொதுத் தேர்தலின்போது அப்பா சாவகச்சேரியில் இருந்தார். அன்றிரவு முழுக்க வானொலிக்குப் பக்கத்தில் இருந்து, அறிவிக்க அறிவிக்கத் தொகுதி தொகுதியாக எழுதியிருக்கிறார். நீல மையில் பெயர், கட்சி, வாக்கு. தவறவிட்டவற்றை அடுத்த நாள் பத்திரிகை பார்த்துப் பென்சிலால் நிரப்பியிருக்கிறார். எது காதால் கேட்டது, எது பத்திரிகையில் பார்த்தது என்பது மையைப் பார்த்தாலே தெரியும். நான் இணையத்தில் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான் என்று அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்குப் பட்டது.

கடைசியில் கூட்டுத்தொகை: 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 140, தமிழர் விடுதலைக் கூட்டணி 18, சுதந்திரக் கட்சி 8. வாக்கில் பாதியளவு எடுத்த கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனம். கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது இந்தக் கணக்கால்தான் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு 1982 ஜனாதிபதித் தேர்தல். அடுத்த பக்கத்தில் ஒரு விளக்கும் ஒரு பானையும் வரைந்திருக்கிறார். அந்த வருட டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு அது. விளக்குச் சின்னம் "ஆம்", பானைச் சின்னம் "இல்லை". 54.66 வீதம் ஆம் என்று வந்து நாடாளுமன்றத்தின் ஆயுள் நீண்டது. அதனால் அடுத்த பொதுத் தேர்தல் பக்கம் 1989 பெப்ரவரியில்தான் தொடங்குகிறது.

கொழும்பு மத்தி 1977 பக்கத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு பெரிய கேள்விக்குறி. வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் பதிவான வாக்காளர் தொகையைவிடக் கூடுதலாக வருகிறது. "வானொலியில் பிழையாக வாசித்தார்களோ, நான் பிழையாக எழுதினேனோ தெரியாது பிள்ளை, நாற்பது வருஷமாக அப்படியே கிடக்குது" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

6 ஒக்டோபர் 2024

24ஆம் திகதி "ஆணைக்குழுவின் தளத்தை மட்டும் பார்" என்று பிள்ளைக்குச் சொன்னதைத் திருத்துகிறேன். பார்க்க வேண்டும், ஆனால் வாசிக்கத் தெரிந்து பார்க்க வேண்டும்.

கொழும்பு மாவட்டத்தின் 15 தொகுதிகளையும் பிள்ளைகளைக் கொண்டு கூட்டுவித்தேன். கொழும்பு வடக்கு, மத்தி, பொரளை, கிழக்கு, மேற்கு, தெஹிவளை, இரத்மலானை என்று போய் மொரட்டுவை, கெஸ்பேவ வரை. ஐந்து குழுக்கள், ஐந்து குழுவுக்கும் ஒரே விடை, ஆனால் மாவட்ட மொத்தத்தைவிடக் குறைவு. ஒரு பையன் உடனே "மிஸ், அமுக்கிட்டாங்க" என்றான். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. தபால் மூல வாக்குகள் தொகுதிகளுக்குள் பிரிக்கப்படாமல் மாவட்டத்துக்கு ஒரு தனி வரியாக வெளியிடப்படுகின்றன என்பது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அந்த வரியைச் சேர்த்ததும் கணக்கு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தியது.

அந்தப் பையனை நான் ஏசவில்லை. கூட்டிப் பார்த்த பிறகுதானே சந்தேகப்பட்டான். ஆனால் பத்து நிமிடம் அந்த அறைக்குள் "மோசடி" என்ற சொல் எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பதை நேரில் பார்த்தேன். ஒரு வரி விளங்காமல் போனதற்கே இவ்வளவு.

வாக்களிப்பு வீதத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. 79.46 என்பது நிராகரிக்கப்பட்ட 300,300 வாக்குகளையும் சேர்த்து, பதிவான 17,140,354 பேரால் வகுத்தது. வேட்பாளரின் வீதம் நிராகரிக்கப்பட்டவற்றைக் கழித்துவிட்டு வகுத்தது. ஒரே தாளில் இரண்டு வகுத்தல்.

17 நவம்பர் 2024

பொதுத் தேர்தல் முடிந்தது. அநுரவின் தேசிய மக்கள் சக்தி 61.56 வீத வாக்குக்கு 225இல் 159 ஆசனம். மாவட்டங்களில் 141, தேசியப் பட்டியலில் 18.

எனக்கு மனம் ஆறாதது வரைபடங்களில்தான். நான் பார்த்த தளங்களெல்லாம் மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசுகின்றன. யாழ்ப்பாணம் தேசிய மக்கள் சக்தியின் நிறத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கொழும்பிலே எத்தனை பேர் "வடக்கே அவர்கள் பக்கம் போய்விட்டது" என்று பேசினார்கள்! நேற்று மருந்துக்கடை வரிசையிலும் கேட்டேன். அங்கே அந்தக் கட்சி எடுத்தது 80,830 வாக்குகள், 24.85 வீதம். நாலில் மூன்று பேர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த மூன்று பங்கு தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழுக்கள் என்று சிதறிவிட்டது. அதிகூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஐந்துதான் விகிதாசாரப்படி பிரிகிறது. அப்படித்தான் ஆறில் மூன்று.

தமிழ்க் கட்சியொன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெறவில்லை என்பது பெரிய மாற்றம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தை வரைந்தவர் எந்தக் கட்சியையும் சேராதவராக இருக்கலாம், எண்களில் ஒரு புள்ளி பிழை இல்லாமலும் இருக்கலாம், ஆனாலும் அந்த ஒற்றை நிறம் நாலில் மூன்று பேரைக் காணாமல் ஆக்கிவிடுகிறது. "கட்சி சாராத" என்ற சொல்லை நான் இவ்வளவு நாளும் ஆளைப் பற்றிய சொல்லாக நினைத்திருந்தேன். காட்டும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

18 நவம்பர் 2024

சின்ன விஷயம். பழைய குறிப்புகளை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள்: 2020இல் கொழும்புக்கு 19 ஆசனம், யாழ்ப்பாணத்துக்கு 7. 2024 தேர்தலில் 18, 6. மாவட்டங்களுக்கான 196இல் 36 மாகாணத்துக்கு நாலு என்று நிலையாகப் போகிறது, மிச்சம் 160 வாக்காளர் இடாப்புக்கு ஏற்ப மாறும்.

12 ஜனவரி 2025

கண்காணிப்பு அமைப்புகளைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். பெஃப்ரல் 1987இலிருந்து இருக்கிறது, தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997இலிருந்து. இவர்களின் அறிக்கைகளில் முறைப்பாடுகளின் தொகை ஒன்றுக்கொன்று வேறுபடும், ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்களிடம் வந்ததை எண்ணுகிறார்கள். அந்தத் தொகை வன்முறையின் தொகையும் அல்ல. அதோடு விட்டுவிடுகிறேன்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது மந்திரி தளத்தைப் பற்றி. வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் நடத்துவது, மூன்று மொழியிலும் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எதைப் பற்றி எவ்வளவு பங்கெடுத்தார்கள் என்று, அவையில் பேசியதன் அச்சுப் பதிவான ஹன்சாட்டை வைத்துத் தொகுக்கிறார்கள். வகுப்புக்கு இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர் கல்வியைப் பற்றி வாய் திறந்தாரா என்று பிள்ளைகளே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் தரவரிசையைப் பார்த்துவிட்டு நிற்கக்கூடாது. அங்கிருந்து ஹன்சாட்டுக்குப் போகவேண்டும். நாடாளுமன்றத் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியிலேயே அச்சாகும். சிங்களப் பக்கங்களுக்கு நடுவே திடீரென்று இரண்டு பக்கம் தமிழ் வரும். போன வாரம் ஒரு பிள்ளை அப்படி ஒரு தமிழ் உரையை வகுப்பில் சத்தமாக வாசித்தாள். மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளின் காணி உறுதி பற்றிய பேச்சு. அவளுடைய அம்மம்மா இன்னும் லயனில்தான் இருக்கிறார். வாசித்து முடித்துவிட்டு, "இது இங்க இருக்கென்று யாருமே சொல்லலையே மிஸ்" என்றாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தமிழில் பேசியதும் பதிவில் இருக்கிறது, இலவசமாக இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கிறது.

இன்னொன்று. அந்தத் தரவரிசை அவையில் நடந்ததைத்தான் அளக்கும். வெள்ளத்தில் வீட்டு வாசலுக்கு வந்தவர் யார் என்று அது சொல்லாது, சொல்வதாக அவர்கள் காட்டிக்கொள்வதும் இல்லை.

9 மார்ச் 2025

சென்னையில் இருக்கும் சித்தி மகள் மைநேதா தளத்தைக் காட்டினாள். இந்தியாவில் வேட்பாளர் வேட்புமனுவோடு கொடுக்கும் சத்தியக் கூற்று, அதில் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாம் பெயர் வாரியாக. இதை நடத்தும் ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் 1999இல் நீதிமன்றம் போய்த் தொடங்கியது, உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் தீர்ப்புச் சொன்ன பிறகு கட்டாயமானது. வேட்பாளர் தானே எழுதிக் கொடுத்ததை எடுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் யாரும் "நீ எதிர்க்கட்சி ஆள்" என்று சொல்லித் தள்ள முடிவதில்லை.

எங்களுக்கும் 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்துவிட்டது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள். 17,140,354ஆல் பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 1,868,298,586 ரூபாய். தேர்தல் முடிந்து 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்கவேண்டும். இந்தக் கணக்குகளை மைநேதா மாதிரிப் பெயர் தட்டித் தேடும்படி தமிழிலும் ஒருவர் ஒழுங்காக அடுக்கித் தந்தால் நான் என் சனிக்கிழமைகளை அதற்குக் கொடுப்பேன். உண்மையாகவே சொல்கிறேன். தட்டச்சு செய்யத் தெரியும், கூட்டல் சரிபார்க்கத் தெரியும்.

11 மே 2025

உள்ளூராட்சித் தேர்தல். கொழும்பு மாநகர சபையில் 117 பேர். தேசிய மக்கள் சக்தி 48. அறுதிப் பெரும்பான்மைக்கு 59 வேண்டும். "கொழும்பைக் கைப்பற்றியது" என்று போட்டவர்களும் "கொழும்பில் தோற்றது" என்று போட்டவர்களும் ஒரே 48ஐத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை பிள்ளைகள் என்னிடம் கேட்க வரவில்லை. "48, எதில்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

17 ஜூன் 2025

நேற்று மேயர் தெரிவு நடந்தது. இரகசிய வாக்கெடுப்பில் தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் தெரிவானார். ஆக, 48 பேரோடும் மேயர் பதவியை எடுக்கலாம். மே 11இல் எழுதியதற்கு இது தொடர்ச்சி.

கேள்வி ஒன்றுக்குப் பதில்: விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா? பார்க்கலாம். முன்பு வேண்டாம் என்று சொல்லிவந்தேன், இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். 2024 ஜனாதிபதித் தேர்தல் பக்கத்தில் இரண்டு சுற்றும் தனித்தனி நிரலாக இருக்கிறது, பத்திரிகைகள் பலவற்றைவிடத் தெளிவு. அடிக்குறிப்பைத் தட்டி மூலத்துக்குப் போங்கள், அது முக்கியம். பழைய கட்டுரைகளில் அந்த இணைப்புகள் அறுந்திருக்கும். தேர்தல் திணைக்களத்தின் முந்தைய தளத்து முகவரிகள் இப்போது வேலை செய்யாது. அந்த முகவரியை அப்படியே பிரதி எடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒட்டினால் பெரும்பாலும் பழைய பிடிஎஃப் வந்துவிடும். வந்தவுடன் இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள்.

6 ஜூலை 2025

அப்பாவின் சிவப்புக் கேள்விக்குறி.

போன வாரம் அப்படி இறக்கிய ஒரு பிடிஎஃப்தான் 1977 முடிவுகள். கொழும்பு மத்திக்குப் போனேன். எழுதியதில் பிழையில்லை. வானொலியிலும் பிழையில்லை. ஒரே தொகுதிக்கு மூன்று பேர் தெரிவாகியிருக்கிறார்கள்: ஆர். பிரேமதாச, ஜாபிர் ஏ. காதர், ஹலீம் இஷாக். கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு. அப்படியென்றால் வாக்குகளின் கூட்டுத்தொகை ஆட்களின் தொகையைவிடக் கூடத்தான் வேண்டும். 1947இலும் அப்படித்தான், ஏ. ஈ. குணசிங்க, பீட்டர் கெனமன், ரி. பி. ஜாயா என்று மூவர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் கலந்து வாழ்ந்த இடங்களில் ஒரு சமூகம் மட்டும் ஆசனத்தை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். நுவரெலியா மஸ்கெலியாவும் 1977இல் அப்படி ஒன்று. மலையகத் தமிழர் தலைவர் தொண்டமான் மூன்றாவது ஆளாக உள்ளே போனது அந்த வழியால்தான்.

சாவகச்சேரியில் ஒரு தொகுதிக்கு ஒரு ஆள். பத்தொன்பது வயதில் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு நுவரெலியா மஸ்கெலியா பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் கூட்டுத்தொகை கூடத்தான். அதற்குக் கேள்விக்குறி போடவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தை அவர் கூட்டியே பார்க்கவில்லையாம். பென்சில் கேட்டார். கேள்விக்குறியை அழிக்கவில்லை. பக்கத்தில் "3 உறுப்பினர், ஆளுக்கு 3 வாக்கு, பிள்ளை பார்த்துச் சொன்னது, 6.7.2025" என்று எழுதினார்.

1970 பக்கங்கள் இந்தக் கொப்பியில் இல்லை. அதையும் இறக்கி அச்சடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்.